குழந்தைக்குப் புற்றுநோய்: பெங்களூரில் இருந்தபடி தொலைபேசியில் மனத்துணை பெறுவது எப்படி?

என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மனைவி வார்டில் குழந்தையோடு இருந்தாள். நான் ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கும் சிவாஜிநகர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மூன்று வயது மகனைப் பாலக்கோட்டில் மாமியாரிடம் விட்டிருந்தோம். மூன்று இடங்களில் கிடந்த குடும்பத்துக்கு மிச்சமிருந்த ஒரே இணைப்பு கைப்பேசி. அதில் யாரை அழைத்து என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் நான்கு மாதங்கள் நானும் மனைவியும் தனித்தனியே அழுதோம். நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததை நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொலைபேசியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தையின் வெள்ளணுக்கள் குறையும், கிருமி எளிதில் தொற்றும். அந்த நாட்களில் வீட்டுக்கு ஆட்கள் வரக் கூடாது, நாமும் கூட்டத்தில் போய்வரக் கூடாது. ஆறுதல் மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் கதவைச் சாத்திவைத்திருப்போம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். அவ்வளவு காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

1. மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன் ஓர் எண்ணை வாங்கிவிடுங்கள்

புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். சில இடங்களில் நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் என்றே மனநல ஆலோசகரும் இருப்பார். அவர்களாக நம் படுக்கையைத் தேடி வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். சமூகப் பணியாளர் என்றால் காப்பீட்டுக்கும் நன்கொடைக்கும் கையெழுத்து வாங்கித் தருபவர் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். தூக்கம் வரவில்லை என்று மனைவி தற்செயலாகச் சொன்ன அன்றுதான், அதைக் கேட்பதும் அவர் வேலை என்று தெரிந்தது.

அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தொலைபேசியில் பேசுவீர்களா? எந்த நாள், எந்த நேரம்? தமிழில் பேச முடியுமா? இல்லாவிட்டால் தமிழ் தெரிந்தவர் யார்? பதிலைக் குழந்தையின் ஓபி கோப்பின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தனித் தாளில் எழுதினால் தொலைந்துவிடும். காலையில் மருத்துவர்கள் வார்டைச் சுற்றி முடித்த பிறகு போனால் அவருக்கும் நின்று பேச நேரமிருக்கும். இதற்குச் செலவு இல்லை.

கான்கிட்ஸ் கிட்ஸ்கேன் என்ற அமைப்பு 2004-இலிருந்து குழந்தைப் புற்றுநோய்க்காகவே நாடு முழுவதும் மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகிறது. அதன் ஆட்கள் உங்கள் வார்டுக்கு வருகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

2. எந்தக் கேள்வி எந்த எண்ணுக்கு என்று பிரித்துவையுங்கள்

நான் செய்த மிகப் பெரிய தவறு இதில்தான். ஓர் இரவு பதினொரு மணிக்கு மகளுக்கு உடம்பு சுட்டது. பயத்தில் மனநல உதவி எண்ணை அழைத்துப் புலம்ப ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்த பெண் என்னை நிறுத்தி, "ஐயா, தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டார். சொன்னேன். "இப்போதே போனை வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாளைக்குப் பேசலாம்" என்றார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கீமோவில் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரநிலைதான். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மாத்திரை கொடுத்துவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்பவர்கள் யாரும் இதில் நமக்கு உதவ முடியாது, வார்டு எண்ணை அழைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கைப்பேசியில் எண்களை இப்படிச் சேமித்துவையுங்கள். வார்டும் மருத்துவரும் "அ" என்ற எழுத்தில் தொடங்கட்டும், பட்டியலில் மேலே வரும். உதவி எண்ணுக்கும் ஆலோசகருக்கும் "மனம்" என்று பெயர் கொடுங்கள். மற்ற பெற்றோருக்குக் குழந்தையின் பெயரைச் சேர்த்து, "யாழினி அப்பா" என்பதுபோல. பதற்றத்தில் கை நடுங்கும்போது இந்தச் சின்ன ஏற்பாடு காப்பாற்றும். கணவன் மனைவி இருவர் கைப்பேசியிலும் ஒரே பெயர்களில் இருக்கட்டும்.

3. 14416: முதல் அழைப்பு

டெலி மானஸ் என்பது மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. அது கிடைக்காவிட்டால் 1800-891-4416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது. தமிழ் உட்பட 20 மொழிகள் இருக்கின்றன. நம் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதே எண் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இயங்குவதால், ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோரும் இதையே அழைக்கலாம்.

அழைத்ததும் பதிவுசெய்த குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவசரத்தில் கையில் கிடைத்த எண்ணை அழுத்திவிடாதீர்கள். பெங்களூரில் இத்தனை ஆண்டுகள் இருந்து கன்னடம் சரளமாக வந்தாலும், இந்தப் பேச்சுக்குத் தாய்மொழிதான் வேண்டும். கடையில் விலை பேசும் கன்னடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. வேறு மொழிக்காரர் எடுத்தால், "தமிழில் பேசுபவர் வேண்டும்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள். என் வாக்கியம் இது: "என் ஐந்து வயது மகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. எனக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டும்." இவ்வளவு சொன்னால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆதார், கோப்பு, பரிசோதனை முடிவு எதுவும் தேவையில்லை. எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பார்கள், அதை நீங்களே கேட்கவும் கேட்கலாம். எடுப்பவர் புற்றுநோய் அறிந்தவராக இருக்க மாட்டார் என்பதை மனத்தில் வையுங்கள். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைந்தது, முதுகில் ஊசி போட்டார்கள் என்று சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். அதனால் எரிச்சலடைந்து முதல் முறை நான் பாதியில் வைத்துவிட்டேன். இரண்டாம் முறை எடுத்தவர் வேறொருவர், பொறுமையாகக் கேட்டார். ஓர் அழைப்பு ஒத்துவரவில்லை என்பதற்காக அந்த எண்ணையே கைவிட்டுவிடாதீர்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அதை மறைக்காமல் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். பெற்றோருக்கு அப்படித் தோன்றுவது உண்டு. சென்னையின் சிநேகா அமைப்பையும் 044-24640050 என்ற எண்ணில் தமிழில் அழைக்கலாம். ஆபத்து அந்த நொடியிலேயே இருந்தால் அவசர உதவி எண் 112.

4. ஒரு பக்கத் தாள்

ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதையைச் சொல்வது பெரிய வேதனை. அதைத் தவிர்க்க ஒரு தாள் எழுதிப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்படியே நோயின் பெயர், சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த மருத்துவமனைத் தேதி, வீட்டில் யார் யார், எங்கே இருக்கிறார்கள், உங்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் அந்த மருந்துகள், நேற்று எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள்.

கடைசி வரியில், இன்று எது அதிகம் வலிக்கிறது என்று ஒன்றே ஒன்றை எழுதுங்கள். இதுதான் கடினம். என் மனைவி ஒரு முறை எழுதியது: "அவள் என்னை அடித்தாள்." சிகிச்சையின் பகுதியாக ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் நாட்களில் குழந்தைகள் ஆளே மாறிப்போவார்கள். இரவு இரண்டு மணிக்கு இட்லி வேண்டும் என்று அழுவாள், கொண்டுவந்தால் தட்டிவிடுவாள், அம்மாவை அடிப்பாள். தன் வளர்ப்பில்தான் கோளாறு என்று மனைவி வாரக்கணக்கில் உள்ளுக்குள் வைத்திருந்தாள். அந்த ஒரு வரியை ஆலோசகரிடம் வாசித்தபோதுதான் அது வெளியே வந்தது. மாத்திரை நின்றதும் குழந்தையும் பழையபடி ஆனாள்.

இந்தத் தாளையோ மருத்துவ அறிக்கைகளையோ முகமறியாத யாருக்கும் அனுப்பாதீர்கள். வாசித்துச் சொல்ல மட்டும்தான் அது.

5. எங்கே உட்கார்ந்து பேசுவது?

கேட்பதற்குச் சாதாரணமான கேள்வி. ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தடை. குழந்தை தூங்குகிறாள் என்று நினைத்து அடுத்த கட்டிலில் பேசினேன். மறுநாள் காலை, "அப்பா, நான் செத்துப்போவேனா?" என்று கேட்டாள். அதன் பிறகு வீட்டுக்குள் பேசவே இல்லை.

மொட்டை மாடி, நிறுத்திய ஆட்டோவின் பின் இருக்கை, கோயில் பிராகாரம், அலுவலகப் படிக்கட்டு என்று எனக்குக் கிடைத்த இடங்கள் இவை. மாலை ஆறு மணிக்கு அலுவலகம் விட்டதும், பஸ் ஏறுமுன் அரைமணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினேன். வார்டில் இருக்கும் தாய்க்கு அந்த வசதியும் இல்லை. அவருக்கு இடம் கொடுப்பது தந்தையின் வேலை. வாரத்தில் இரண்டு நாள் நான் படுக்கையருகே உட்கார்ந்து மனைவியை வெளியே அனுப்பினேன். அந்த நேரத்தில் அவள் தேநீர் குடித்தாலும் சரி, ஆலோசகரிடம் பேசினாலும் சரி, என்ன பேசினாய் என்று கேட்கக் கூடாது என்று எங்களுக்குள் முடிவுசெய்துகொண்டோம்.

தேவையானவை: காதில் மாட்டும் இயர்போன், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், வீடியோ அழைப்புக்குப் போதிய டேட்டா. வார்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். அங்கிருந்து வீடியோ வேண்டாம், குரல் அழைப்பே போதும். அழுத முகத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பதே சிலருக்குப் பெரிய விடுதலை.

6. இன்னொரு பெற்றோரின் குரல்

எத்தனை ஆலோசகர்கள் இருந்தாலும், இதே வழியில் நடந்து முடித்தவர் ஒருவர் வேண்டும். சிகிச்சை முடித்து ஓர் ஆண்டாவது கடந்த குழந்தையின் பெற்றோராகப் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரும் நல்லவர்தான், ஆனால் அவரும் நம்மைப்போல் மூழ்கிக்கொண்டிருப்பவர். சமூகப் பணியாளரிடம், "சிகிச்சை முடித்த தமிழ்க் குடும்பம் யாராவது பேச ஒப்புக்கொள்வார்களா?" என்று கேளுங்கள். அவர்களைக் கேட்டுவிட்டு எண் தருவார். எங்களுக்கு ஓசூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு அழைப்பார். பாதி நேரம் அவர் மகளின் பள்ளிக்கூடக் கதைதான் பேசுவார். புற்றுநோய் வந்த குழந்தை வாய்ப்பாடு மறந்து அடிவாங்குகிறது என்று கேட்பது எனக்கு எந்த மருந்தும் தராத தெம்பைத் தந்தது.

வாட்ஸ்அப் குழுக்களில் கவனமாக இருங்கள். நான் நான்கில் சேர்ந்தேன், மூன்றிலிருந்து வெளியேறினேன். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்பார்கள். இன்ன ஊர் வைத்தியரிடம் போனால் கீமோவே வேண்டாம் என்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. ஒருவர் கவுண்டை இன்னொருவர் கவுண்டோடு ஒப்பிடும் பழக்கமும் அங்கே ஒட்டிக்கொள்ளும். நோயின் வகை, வயது, மருந்துத் திட்டம் எல்லாம் வேறுவேறு என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. நள்ளிரவில் ஒரு குழந்தை போன செய்தியும் வரும். அறிவிப்பு ஒலியை நிறுத்திவைத்து, பகலில் ஒரு முறை மட்டும் திறந்து பாருங்கள். குழந்தையின் படம் கேட்டு, நன்கொடை திரட்டித் தருகிறேன் என்று தனியே செய்தி அனுப்புபவருக்குப் படமும் வேண்டாம், வங்கி விவரமும் வேண்டாம்.

7. பணம் கொடுத்துப் பார்ப்பதானால்

இலவச வழிகளைப் பார்த்துவிட்டு, ஒரே ஆளிடம் தொடர்ந்து பேச வேண்டும் என்று தோன்றினால் மட்டும் இதற்குப் போங்கள். பெயருக்குப் பின்னால் "மனநல நிபுணர்" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணையும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுபவரிடம் போக வேண்டாம்.

2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பதிவுபெற்ற மருத்துவர் வீடியோவில் பார்த்து மருந்துச் சீட்டு அனுப்பலாம். அதில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். சில வகை மருந்துகளை நேரில் பார்க்காமல் எழுத விதி இடம் தருவதில்லை. எனவே தூக்க மாத்திரைக்கு நேரில் வரச் சொன்னால் அலைக்கழிக்கிறார் என்று எண்ணாதீர்கள். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் மருத்துவரை இலவசமாகவே வீடியோவில் பார்க்கலாம், கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும் போதும்.

நான் ஏமாந்தது கட்டணத்தில். முக்கால் மணி நேரத்துக்கு 1,200 ரூபாய், எட்டு அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். இரண்டாவது அமர்வுக்குப் பிறகு மகளைக் காய்ச்சலோடு சேர்த்துவிட்டோம். ஒரு மாதத்துக்குள் மீதியை முடிக்கவில்லை என்று பணம் போய்விட்டது. சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வீட்டில் எந்தத் தேதியும் உறுதியில்லை. ஒவ்வோர் அமர்வாகவே கட்டுங்கள். எத்தனை மணிநேரம் முன்பு சொன்னால் கட்டணம் இல்லாமல் தள்ளிவைக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீது, மருந்துச் சீட்டு இரண்டையும் உங்கள் பெயரில் தனிக் கோப்பில் வையுங்கள். குழந்தையின் கோப்போடு கலந்தால் காப்பீட்டுக்கு அனுப்பும்போது குழப்பம்தான்.

8. ஊரில் இருப்பவர்கள்

உறவினர் அழைப்புகள் முதல் இரண்டு வாரம் ஓயாது. பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லச் சொல்ல நாக்கு வறண்டுவிடும். எல்லாம் அன்புதான், ஆனால் தாங்காது. என் தம்பியை முன்னால் நிறுத்தினோம். வாரம் ஒரு முறை அவனுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புவேன், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். "அண்ணன் போனை எடுக்க மாட்டார், என்னிடம் கேளுங்கள்" என்று அவனே சொல்லிவிட்டதால் யாரும் வருத்தப்படவில்லை.

வீட்டில் விட்டுவந்த குழந்தையை மறந்துவிடாதீர்கள். தலைமுடி கொட்டிய அக்காவை முன்னறிவிப்பில்லாமல் வீடியோவில் காட்டினோம். மகன் அலறிக்கொண்டு பாட்டியின் சேலைக்குள் ஒளிந்தான். அதன் பிறகு பத்து நாட்கள் போன் பக்கமே வரவில்லை. "மாப்பிள்ளை, முதலில் நான் வாயால் சொல்லிவைக்கிறேன். அப்புறம் ஒரு படம் அனுப்புங்கள்" என்று வழி காட்டியது மாமியார்தான். முதலில் சொல், அடுத்து தொப்பி போட்ட படம், பிறகு தொப்பியில்லாத படம், கடைசியாக வீடியோ. தினமும் இரவு ஏழு மணிக்கு ஐந்தே நிமிடம். அக்காவின் உடம்பைப் பற்றிப் பேச மாட்டோம். அன்று அவன் பார்த்த கோழியைப் பற்றி இருவரும் பேசுவார்கள்.

9. எந்த நாட்களுக்கு முன்கூட்டியே நேரம் குறிப்பது?

காலண்டரில் மருந்துத் தேதிகளோடு இவற்றையும் எழுதுங்கள். முதல் டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும் நாளின் மறுநாள்: வார்டில் செவிலியர் இருந்த தைரியம் போய், தெர்மாமீட்டரோடு நாம் மட்டும் இருப்போம். ஸ்டீராய்டு நாட்களின் நடுவில் ஒரு நாள். முதுகில் ஊசி போடும் நாளின் மாலை.

எங்களுக்கு எதிர்பாராத அடி கடைசி மாத்திரை முடிந்த வாரத்தில் விழுந்தது. எல்லோரும் இனிப்பு கொடுத்தார்கள். நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். மருந்து ஓடிய வரை நோயைத் தடுத்துப் பிடித்திருக்கிறோம் என்ற நம்பிக்கை இருந்தது, அது நின்றதும் கை வெறுமையாகிவிட்டதுபோல் இருந்தது. சிகிச்சை முடிந்ததும் ஆலோசகரின் எண்ணை அழித்துவிடாதீர்கள். அந்த வாரத்துக்கும் ஓர் அழைப்பைக் குறித்துவையுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய மாலையில் ஒன்று. எனக்கு அடுத்தது செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு இருக்கிறது. ஓசூர்க்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.